ஷூட்டர் ஏன் ஷூட் பண்ணவில்லை?

நான்கு வருடங்களுக்கு முன்பு ஹைதராபாத்தில் நடந்தது இது. மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் பர்சனல் பிரிவில் அதிகாரியாக இருக்கிறேன். எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கூடைப்பந்து அணி உண்டு. மதுரையில் கல்லூரியில் படித்தபோது நானும் கொஞ்சம் ஆடியவள் என்பதால், விளையாட்டுக் கமிட்டிச் செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். கூடைப்பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. என் வாய் எங்கள் வீட்டில் பிரசித்தம். "உனக்குன்னு ஒரு ரெஃப்ரிய வச்சு விசில் அடிக்கச் சொல்லணும்" என்பார் என் கணவர்.

அணியில் பாதிப் பேர் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். வருடா வருடம் கமிட்டி கூடி, யாரை மறுபடி எடுப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்யும். மூன்று வருடம் முடித்தவர்களை நிரந்தர வேலைக்குப் பரிசீலிப்பது எங்கள் வழக்கம். அதனால் மூன்றாவது வருட ஒப்பந்தம் கிடைப்பதுதான் அவர்களுக்கு வாழ்வா சாவா என்கிற விஷயம்.

அந்த வருடம் அப்படி மூன்றாவது வருடத்துக்குக் காத்திருந்தவர் ஒருவர் இருந்தார். மற்றவர்கள் கேரளா, சென்னை, பெங்களூரு என்று வெளியூர்க்காரர்கள். இவர் மட்டும் மௌலா அலியிலிருந்து பைக்கில் வந்து போவார். அதனால் அணியில் அவருக்கு 'லோக்கல்' என்றே பெயர். ஆபீஸில் உள்ளூர்க்காரர்களோடு தெலுங்கு, எங்களோடு இந்தி. எதைச் சொன்னாலும் ஹைதராபாத் இந்தியில் "ஹவ் மேடம்", அதாவது ஆமாம், என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். உயரம் கம்மி, ஓட்டமும் சுமார்தான். ஆனால் தூரத்து வளைகோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று பாயிண்ட் கிடைக்குமே, அந்த ஷாட்டில் மட்டும் மன்னன். அதற்காகத்தான் அவரை எடுத்தோம்.

எங்கள் கோச் கோயம்புத்தூர்க்காரர். அணியில் இருந்த சென்னைக்காரரும் அந்த சீசனுக்கு முன்பே விலகிவிட்டதால், மைதானத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வெளியூரில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. லிஃப்டில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில், பக்கத்தில் இருப்பவரைப் பற்றி அவர் காதுபடவே தமிழில் விமர்சனம் செய்வது. எனக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

வருடாந்தரப் போட்டிக்குப் பத்து நாள் முன்பு ஒரு மாலைப் பயிற்சி. அவர் வரிசையாக ஐந்து ஷாட்டைத் தவறவிட்டார். பிறகு எங்களுக்கு முன் படியில் வந்து உட்கார்ந்து, குனிந்து விரலில் டேப் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல். நான் கோச்சிடம் சத்தமாகவே சொன்னேன்.

"இவனுக்கெல்லாம் பந்து கைக்கு வந்தா போதும் சார், கண்ணை மூடிக்கிட்டு ஷூட் பண்ணிடுவான். பக்கத்துல ஒருத்தன் ஃப்ரீயா நிக்கறானேன்னு ஒரு நாளாவது பார்த்திருக்கானா? சரியான சுயநலம் பிடிச்ச ஜென்மம்!"

"அவன் வேலையே ஷூட் பண்றதுதானுங்களே மேடம்" என்றார் கோச்.

நான் விடவில்லை. இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். அவற்றை இங்கே எழுதக் கை கூசுகிறது. அவர் நிமிரவே இல்லை. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, எழுந்து உள்ளே போனார்.

போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்திலிருந்தே எங்கள் ஷூட்டர் ஷூட் பண்ணவில்லை. பந்து வந்த மறுநொடி பக்கத்தில் யாருக்காவது கொடுத்துவிடுவார். கோச் தொண்டை கிழியக் கத்தினார். அவர் "ஹவ் சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பந்தையும் பாஸ் செய்தார். கடைசி ஆட்டம். இரண்டு பாயிண்ட் பின்தங்கியிருக்கிறோம், சில நொடிகள்தான் பாக்கி. மூலையில் அவர் கையில் பந்து, எதிரில் ஆளே இல்லை. ஷூட் பண்ணியிருந்தால் ஜெயித்திருக்கலாம். கூடைக்குக் கீழே நின்றவருக்குப் பாஸ் கொடுத்தார். எதிரணிக்காரன் நடுவில் பாய்ந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். தோற்றோம்.

கமிட்டியில் நான், கோச், தலைவர் என்று மூன்று பேர். தலைவர் மூத்த அதிகாரி, கூடைப்பந்து பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே ஒப்புக்கொள்வார். அதனால் என் பேச்சுக்குத்தான் மதிப்பு. "ஷூட்டர்னு எடுத்தோம், ஷூட் பண்ணவே பயப்படறார். தைரியம் போயிடுச்சு சார். இனிமே தேற மாட்டார்" என்றேன். சென்னையிலிருந்து உயரமான ஒருவரை எடுக்கலாம் என்ற யோசனையும் என்னுடையதுதான். தமிழ் பேச இன்னொரு ஆள் கிடைத்த மாதிரியும் இருக்கும் என்று ஒரு அல்ப ஆசை. கோச்சுக்கு அவரை விட மனமில்லை. ஆனாலும், "எனக்கும் ஒண்ணும் புரியலைங்க. எதிர்ல தொறந்து கெடக்குதுங்க, பையன் போட மாட்டேங்கறான்" என்று சொல்லி அடங்கிவிட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. மினிட்ஸை நான் எழுதி, திங்கட்கிழமை மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஒரு மனுஷனுக்கு இதைக் கடிதத்தில் சொல்வதைவிட நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றியது. என் பெரிய மனசை நானே மெச்சிக்கொண்டு, சனிக்கிழமை காலையில் மௌலா அலிக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டு அறை வீடு. கதவைத் திறந்தது அவருடைய அம்மா.

"யாரு, ஆபீஸ் மேடமா? வாம்மா, உள்ள வாம்மா!"

சுத்தமான வட ஆற்காட்டுத் தமிழ். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். கணவர் ஜோலார்பேட்டைக்காரர், ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து காலமாகிவிட்டார் என்றும், பிள்ளையின் சம்பளத்தில்தான் குடும்பம் நடக்கிறது என்றும் கடகடவென்று சொன்னார். "இந்தப் புள்ள தமிழ் எல்லாம் நல்லாப் புரிஞ்சிக்கும். பதில் மட்டும் தெலுங்குலதான் சொல்லும். தமிழ்ல பேசினா சிரிப்பாங்கன்னு வெக்கம்" என்று உள்ளே பார்த்துச் சிரித்தார். எங்கள் ஷூட்டர் அறை வாசலில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"டீ நக்கோ, வேணாம்னு சொல்லாதம்மா. நீ எங்க புள்ளைக்கு எவ்ளோ நல்லது சொல்லியிருக்க! பக்கத்துல ஆள் நிக்கறதப் பாக்காம ஷூட் பண்றியேன்னு சொன்னியாமே?"

"அம்மா, வத்து" என்றார் அவர், வேண்டாம் என்று கையைக் காட்டி.

"நல்லதத்தானடா சொல்றேன்! அன்னிலேர்ந்து காலையில அஞ்சு மணிக்கே எழுந்து ரயில்வே கிரவுண்டுல பாஸ் பண்றதையே பழகிச்சும்மா. மேடம் ஆடினவங்க, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிச்சு."

நான் அவரிடம் நேராக ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. கோச்சிடம் தமிழில் சொன்ன அத்தனையும் அவருக்கு அப்படியே புரிந்திருக்கிறது. அதிலிருந்த வசவையெல்லாம் தனக்குள் வைத்துக்கொண்டு, ஆட்டத்துக்கு உதவுகிற ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அம்மாவிடம் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதற்காகத் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையையும் விட்டிருக்கிறார். அதைத்தான் நான் கமிட்டியில் பயம் என்று சொல்லியிருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

வந்த விஷயத்தை நான் சொல்லவில்லை. இந்தப் பக்கம் வந்தேன், சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று எதையோ உளறிவிட்டுக் கிளம்பினேன். அவர் சந்து முனை வரை கூட வந்தார்.

"தமிழ் தெரியும்னு ஏன் சொல்லவே இல்ல?" என்று கேட்டேன்.

"எப்படி மேடம் சொல்றது? நீங்க அப்படிப் பேசினப்புறம் சொன்னா உங்களுக்குத்தான சங்கடம்" என்றார் தமிழில், வார்த்தைகளைத் தேடித் தேடி. பிறகு, "ரின்யூவல் ஆயிடும் இல்ல மேடம்?" என்றார்.

"பார்க்கலாம்" என்று சொல்லி ஆட்டோவில் ஏறிவிட்டேன். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை தலைவரின் அறைக்கு ஃபைலோடு போனேன். கோச் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார். நான் இன்னும் போடவில்லை. "சார், அந்த ஷூட்டர் விஷயம், மறுபடி ஒரு தடவை யோசிக்கலாமா?" என்று ஆரம்பித்தேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஏன்? என்ன ஆச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

காரணம் சொல்ல வேண்டுமென்றால் நான் பேசியதைச் சொல்ல வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியை அவர் முன்னாலேயே ஒரு பர்சனல் அதிகாரி அப்படிப் பேசினாள் என்பது ஆபீஸ் முழுக்கப் பரவும். பேனாவை எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மாதக் கடைசியில் அவர் போய்விட்டார். சனத்நகரில் ஒரு தொழிற்பட்டறையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பதாகக் கேள்வி. அடுத்த வருடம் மனசு கேட்காமல் அவர் பெயரை நானே மறுபடி கொண்டுவந்தேன். எங்கள் விதிப்படி வயது வரம்பு தாண்டியிருந்தது. அன்றுதான் கோச்சிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நான் சண்டை போட்டாவது வச்சிருப்பேனுங்களே மேடம்" என்று மட்டும் சொன்னார்.

அவருக்குத் தமிழ் புரியாது என்று நினைத்துப் பேசியது தெரியாமல் செய்தது என்று என்னை நானே எத்தனையோ தடவை சமாதானப்படுத்திப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமை "ஒண்ணுமில்ல" என்று சொன்னதை நான் எல்லாம் தெரிந்தேதான் சொன்னேன், அதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை ஒரு சமாதானம் கிடைக்கவில்லை.