பலகை இல்லாமல் கழற்றிய சக்

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரும்படி பட்டறை முதலாளி அழைத்திருந்தார். பொம்மசந்திராவில் என் மகள் லேத் ஓட்டும் பட்டறை அது. டிப்ளமோ முடித்ததும் அங்கே சேர்ந்தவள். அவள் வேலை செய்யும் இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுமுறை. பூவும் பழமும் வாங்கிக்கொண்டு சந்தாபுராவிலிருந்து சீக்கிரமே போய்விட்டேன்.

மற்ற மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் வைத்தாயிற்று. அவளுடைய லேத் மட்டும் பாக்கி. இரும்புத் துண்டைக் கவ்விக்கொண்டு சுழலும் கனத்த வட்டத்தைச் சக் என்கிறார்கள். அதைக் கழற்றினால்தான் உள்ளே சேர்ந்த தூளை எடுக்க முடியும். அது திருகில் ஏறி நிற்பது. கடைசிப் புரி விட்டதும் மொத்தக் கனமும் கீழே இறங்கிவிடும். அதைத் தாங்கிக்கொள்ள அடியில் ஒரு கட்டைப் பலகையை வைத்துவிட்டுத்தான் திருகுவார்கள்.

மகள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பலகையைத் தேடினாள். அது மஞ்சள் பூசப்பட்டு, சாமி படத்துக்கு ஆசனமாகியிருந்தது.

"அண்ணா, என் பலகை!"

அவளோடு வேலை பார்ப்பவர் சிரித்தார். "சாமி உக்காந்தாச்சும்மா. எந்திரி சாமின்னு நீயே போய்ச் சொல்லு."

"வேற கட்டை ஏதாவது இருக்கா?"

"ஐயர் வந்துட்டாரு, உங்கம்மா வேற வந்து நிக்கறாங்க. நான் தாங்கிக்கறேன், நீ திருகு."

அவள் வலது கையால் திருகினாள். இடது கையை அடியில் கொடுத்தாள். வெளிப்புறம் மட்டும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்த இரும்பு அவர் பிடியிலிருந்து வழுக்கியது.

இரும்பு இரும்பின்மேல் விழுந்தால் கணீரென்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. இடையில் அவள் கை இருந்தது.

"பேக, பேக!" என்று முதலாளி கன்னடத்தில் அவசரப்படுத்திக் கத்த, யாரோ காரைக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் அவள் ஒன்றையே சொன்னாள். "கரண்ட் ஆஃப் பண்ணிட்டேம்மா. கரெக்டாத்தாம்மா பண்ணேன்."

ஆஸ்பத்திரியில் நடுவிரலைத் தைத்துவிட்டார்கள். ஆள்காட்டி விரலில் ரத்தம் ஓடுகிறதா என்று பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

"அந்த விரல்லதாம்மா கடைஞ்ச இரும்பத் தடவிப் பாப்பேன். கண்ணுக்குத் தெரியாத மேடுகூட அதுக்குத் தெரியும்" என்றாள்.

பட்டறையில் பூஜை நின்றுவிடவில்லை. சாயங்காலம் அந்த அண்ணன் பிரசாதப் பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து அறை வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்கண்ணா" என்று அவள்தான் கூப்பிட்டாள். அவர் அவள் கைக்கட்டைப் பார்க்காமல், பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தார். அவள் வலது கையால் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டாள். நான் மீதியை மடித்து வைத்தேன்.

ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் ஆள்காட்டி விரலின் நிறத்தைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் நுனி கறுத்திருந்தது. முதல் கணுவரை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று நான் கெஞ்சினேன்.

"எடுத்துடுங்க டாக்டர்" என்றாள் மகள்.

காயம் ஆறிவிட்டது. வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தாலும் நான் அவள் கையைத்தான் தேடுகிறேன். நேற்று அவள் கண்ணை மூடிக்கொண்டு, தைத்த நடுவிரலால் எவர்சில்வர் தட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது தெரியுதா கண்ணு?"

"மரத்துப்போன மாதிரி இருக்கும்மா."

போகப் போக வரும் என்றேன். அவள் விரலைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு மறுபடி தடவினாள்.