ஞாயிற்றுக்கிழமை அண்ணன்

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நான் என் மனைவிக்கு அண்ணனாகிவிடுகிறேன். பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியின் பெண்கள் விடுதி அது. கேட்டுக்கு உள்ளே நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும். வார்டன் அம்மா என்னைப் பார்த்ததும், "வாங்க, உக்காருங்க. தங்கச்சி துணி காயப் போட்டுட்டு இருக்குதுங்க, இப்ப வந்துரும்" என்பார். கொஞ்ச நேரத்தில் மாரியம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து, "வாங்கண்ணே, சாப்பிட்டியளா?" என்று கேட்பாள். பதினேழு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். முதல் வாரம் அந்த 'அண்ணே'யைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது. இப்போது இருவருக்கும் பழகிவிட்டது. பழகிப்போனதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போனில் பேசுகிறவர்கள், "திருப்பூர்ல வேலைக்கா பஞ்சம்?" என்று கேட்கிறார்கள். வேலைக்கு இல்லை, வீட்டுக்குத்தான் பஞ்சம். நம் ஊரில் வாடகை வீடு என்றால் வாத்தியார் குடியிருந்த வீடு ஒன்றுதான். இங்கே, ஒரு காலத்தில் சோளம் விளைந்த காட்டில், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகளை வரிசையாகக் கட்டி விட்டிருக்கிறார்கள். லைன் வீடு என்று பேர். பன்னிரண்டு குடும்பங்களுக்கு இரண்டு கக்கூஸ். அப்படி ஓர் அறையில் நானும் மாரியம்மாளும் மகள் கலாவும் ஆறு வருடம் இருந்தோம். நான் பேக்கிங்கில், அவள் இன்னொரு கம்பெனியில் செக்கிங்கில். 2008 கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் குறைந்து, வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆனது. வாடகைக்கு மட்டும் லீவு கிடையாது.

உதவி கேட்டு அலைந்தேன். கேட்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. கண்டக்டர் தரவேண்டிய சில்லறையைக்கூட விட்டுவிட்டு இறங்கிப் போகிறவன் நான். ஏழைகளுக்கு அரசாங்கம் அடுக்குமாடி வீடு தருகிறது என்று கேள்விப்பட்டு ஓர் ஆபீசுக்குப் போய், என் முறை வந்தும் பின்னால் இருந்தவரை முன்னே விட்டுவிட்டு நின்றேன். கடைசியில் கிளார்க்கே கூப்பிட்டார். "ரேஷன் கார்டு எந்த ஊருங்க?" சொன்னேன். "அப்ப அங்க போய்க் கேளுங்க, இங்க ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். ஊருக்குப் போய்க் கேட்டபோது தலையாரி சிரித்தார். "நீதான் திருப்பூர்ல இருக்கியே, ஒனக்கு எதுக்குடே இங்க வீடு?" கார்டை இந்த ஊருக்கு மாற்ற, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டுமாம். எங்கள் வீட்டுக்காரர் மரியாதைக்காரர். "வாடக ரெண்டு மாசம் வேண்ணாப் பொறுத்துக்கறனுங்க. கடுதாசி மட்டும் கேக்காதீங்க. அப்பறம் ஊடு ஆருது, வரி கட்டிருக்குதான்னு கேள்வி வந்துருமுங்க" என்றார். சொன்னபடி இரண்டு மாதம் பொறுத்தார். மூன்றாவது மாதம், "சங்கடப்படாம வேற ஊடு பாத்துக்கங்க, முருகையா" என்று அதே மரியாதையோடு சொன்னார். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

கம்பெனி சூப்பர்வைசரிடம் போனேன். "ஃபேமிலின்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்ணா. சிங்கிள்னா ரூம் ஃப்ரீ" என்றார். இந்த ஊரில் உதவி இல்லாமல் இல்லை. தனி ஆளுக்கு இருக்கிறது, குடும்பத்துக்குத்தான் இல்லை. முழுப்பரீட்சை முடிந்ததும் கலாவை ஊரில் அவள் சித்தி வீட்டில் விட்டோம். "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள வீடு பிடிச்சிருவோம்" என்று அவள் தலையைத் தடவிச் சொல்லிவிட்டு வந்தோம். நான் குடோனுக்கு மேலே எட்டு இளவட்டங்களோடு படுத்துக்கொண்டேன். மாரியம்மாளின் கம்பெனி விடுதியில் கல்யாணமாகாதவர்களுக்கும் புருஷன் இல்லாதவர்களுக்கும் மட்டும்தான் இடம். தாலியை ரவிக்கைக்குள் பின் குத்தி மறைத்துக்கொண்டு போனாள். "ஊட்டுக்காரரு?" என்று வார்டன் அம்மா கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் செத்துப்போனதாக அந்த அம்மா எடுத்துக்கொண்டார். "கூட வந்திருக்கறது ஆருங்க?" "அண்ணன்." எங்கிருந்துதான் அந்த வார்த்தை அவளுக்கு வந்ததோ! நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நின்றதுதான் நான் செய்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, மாரியம்மாள் வருவதற்கு முன்னால் வார்டன் அம்மா ஒரு நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. தங்கச்சி நெம்ப அடக்கமான புள்ள. இப்பிடியே எத்தன நாளைக்குங்க? எங்க கம்பெனி வேன் டிரைவரு ஒருத்தரு, உங்க பக்கத்து ஆளுதானுங்க. சம்சாரம் தவறி ரெண்டு வருசமாச்சு. பொங்கலூர்ல சொந்த ஊடு. ரெண்டு ரூமு, தனிக் கொழாய். வாடகப் பிக்கலே இல்லீங்க. நீங்க பெரியவரு, ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

'வேண்டாம்' என்ற சொல் தொண்டை வரை வந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் மாரியம்மாளின் பெட்டி ரோட்டுக்கு வந்துவிடும். "ஊர்ல கலந்துக்கிட்டுச் சொல்லுதேம்மா" என்றேன்.

அண்ணனோடு வெளியே போய்வர ஐந்து மணி வரை அனுமதி உண்டு. பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் போய் மாரியம்மாள் மெட்டியை மாட்டினாள், தாலியை வெளியே எடுத்து விட்டாள். நாங்கள் ஞாயிறு முழுக்க வாடகை வீடு பார்ப்போம். புருஷன் பெண்டாட்டி இல்லையென்றால் எந்த வீட்டுக்காரரும் கதவைத் திறக்கமாட்டார். அட்வான்ஸ் கொடுக்க வழியில்லை என்று தெரிந்தும் போவோம். அந்தக் காலி அறைகளில்தான் நாங்கள் இருவரும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கிறோம்.

நடந்துகொண்டே டிரைவர் விஷயத்தைச் சொன்னேன். மாரியம்மாள் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சொந்த வீடாமா? தனிக் குழாய் வேறயா? போயிரலாம் போலிருக்கே!" பிறகு கேட்டாள், "நீங்க என்ன சொன்னிய?"

"ஊர்ல கேட்டுச் சொல்லுதேன்னேன்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "வேண்டாம்னு சொல்ல வாய் வரலையாக்கும்."

எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ஒரு சந்தில் பார்த்த வீட்டுக்காரப் பெரியவர், "எத்தன பேருங்க?" என்றார். "மூணு பேரு. மக ஊர்ல படிக்கா" என்று பதில் சொன்னது அவள்தான். "ஊட்டுக்காரரு பேச மாட்டாருங்களா?" என்று கேலி செய்துவிட்டு, மோட்டார் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். மாரியம்மாள் காலி அறையில் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கலா எந்த மூலையில் படிப்பாள், எங்கே பாய் விரிப்பது என்று மற்ற வாரங்களில் சொல்வாள். அன்று, "நேத்து காயின் போன்ல கலா பேசினா. சும்மாதானே இருக்கா, பீடி சுத்தப் பழகட்டும்னு சித்தப்பா சொல்லுதாராம்" என்றாள். நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். வெளியே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. அவளே சொன்னாள்: "அந்தம்மாகிட்ட இன்னிக்கே வேண்டாம்னு சொல்லிருங்க. எனக்குப் பிடிக்கலன்னு சொல்லாதிய, தினமும் உக்கார வச்சு எனக்குப் புத்தி சொல்லும். அண்ணனுக்குச் சம்மதமில்லன்னு சொல்லுங்க."

ஐந்து மணிக்கு விடுதி கேட்டில் நின்றோம். தாலி உள்ளே போயிருந்தது, மெட்டி என் சட்டைப்பைக்கு வந்திருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை வார்டன் அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு அதுல சம்மதம் இல்லம்மா." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருடைய மரியாதை மாறவில்லை. "ஏனுங்க? தங்கச்சிக்குன்னு ஒரு ஊடு வேண்டாமுங்களா?"

எத்தனையோ ஆபீசில் நான் கேட்க நினைத்துக் கேட்காமல் வந்த கேள்வி அது. என்னிடமே கேட்டுவிட்டார். நான் தரையைப் பார்த்தேன். மாரியம்மாளும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணனுங்க நீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "நீ வா கண்ணு" என்று மாரியம்மாளின் தோளில் கைபோட்டு அணைத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார், என்னிடமிருந்து அவளைக் காப்பாற்றுகிறவர்போல.