துணிக்கொடி இல்லாத ஞாயிறுகள்

என் பழைய காரின் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் துளையிலிருந்து மெக்கானிக் இன்று உருவிப்போட்ட நைலான் கயிற்றில் கருகிய ஆயில் நாற்றம் அடித்ததும், நான்கு வழிச்சாலைக்கு அடியில் போய்விட்ட எங்கள் பரமத்தி வேலூர் தகர ஷெட்டில் மனதுக்குள் அதே பழைய எரிச்சலோடு நின்றேன்.

அப்பாவின் கார் காலையில் கிளப்பியதும் நீலப்புகை கக்கும். சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல்கள் தேய்ந்துவிட்டதென்று ஞாயிறுக்கு ஒரு சிலிண்டராக அவரே பிரித்தார். வால்வு உள்ளே விழாமல் தாங்க அம்மா துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்துப் பிளக் துளைக்குள் திணிப்பார், சாயங்காலம் ஆயில் பிசுக்கோடு திரும்பக் கட்டுவார், அம்மா எவ்வளவு துடைத்தாலும் திங்கட்கிழமை என் வெள்ளைச் சீருடையின் முதுகில் ஒரு கறுப்புக் கோடு இருக்கும்.

நாலு ஞாயிறில் நாலு சிலிண்டரும் முடிந்து வண்டியைக் கிளப்பினார். அதே புகை.

"ஒரு சீலு சரியா உக்காரலையாட்ட இருக்குது. கயித்த இன்னொருக்கா அவுத்துக்கிறேன்" என்றார்.

அம்மா அரிவாளால் கயிற்றை நடுவில் அறுத்தாள்.

"இந்தாங்க, உங்க பாதி."

அறுத்து என்ன? மீதிக் கயிற்றில் அவருடைய வேட்டியைத்தான் முதலில் விரித்தாள். இடமில்லாமல் என் சீருடை பக்கெட்டிலேயே ஈரமாகக் கிடந்தது.