ஐந்தாவது பெயர்

ஆர்வில்லா கோன் எங்கள் கன்சாஸ் ஊர் நகரசபையில் இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்தாள். ஒல்லியான உடம்பு, கூர்மையான காது. கூட்டத்தில் யார் முணுமுணுத்தாலும் அவள் குறிப்பில் ஏறிவிடும். நான் ஊர் வாரப் பத்திரிகைக்காக முன்வரிசையில் உட்கார்ந்து எழுதியவன். அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் கேட்டதை நானும் கேட்டேன்.

நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் ஐந்து உறுப்பினர்களால் குழி தோண்டுகிற ஆளைக்கூட நேராக ஏவ முடியாது. அவர்கள் ஒரு மேனேஜரை வேலைக்கு வைப்பார்கள். சாலை, தண்ணீர், பாலம் எல்லாம் அவர் பொறுப்பு. மூன்று பேர் சேர்ந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பலாம். மேயருக்கும் ஒரே ஓட்டுதான்.

மேனேஜர் டேல் புரூயிட்டை வெளியூரிலிருந்து தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவர் ஆரின் ஸெல்லர் என்கிற உறுப்பினர். இருவரும் ஒன்றாக மீன் பிடிக்கப் போவார்கள். ஓடைப் பாலத்தின் இரும்பு இற்றுவிட்டதாகப் பொறியாளர் எழுதிய அறிக்கை, ஐந்து மாதம் புரூயிட்டின் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. சபையிடம் அவர் மூச்சு விடவில்லை. ஏப்ரல் வெள்ளத்தில் பாலம் உள்வாங்கியபோது அதன் மேல் போய்க்கொண்டிருந்தது ஸெல்லரின் வண்டி.

ஸெல்லர் மூழ்கி இறந்த ஒன்பதாம் நாள், புரூயிட்டை நீக்கும் தீர்மானம் வந்தது. புரூயிட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். ஆர்வில்லா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். இரண்டு பேர் ஆம் என்றார்கள். ஒருவர் இல்லை என்றார்.

"மேயர் ஹாஸ்?"

"இந்த ஆள அனுப்பிட்டா செத்தவன் திரும்பி வருவானா? வேணாம்."

இரண்டுக்கு இரண்டு. தீர்மானம் தோற்றது. ஆனால் இத்தனை வருடப் பழக்கத்தில் நாக்கு அவள் சொல் கேட்கவில்லை.

"ஸெல்லர்?"

கறுப்புத் துணி போர்த்திய அவர் நாற்காலியைப் பார்த்ததும்தான் அவளுக்கு உறைத்தது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு, கூட்டத்துக்குக் கூட்டம் நாங்கள் கேட்ட அதே குரல், கொஞ்சம் ஈரமாக:

"ஆமான்னு போட்டுக்க, ஆர்வில்லா."

ஆர்வில்லாவின் பேனா நகர்ந்தது.

"என்னம்மா எழுதுறீங்க?" மேயர் எழுந்துவிட்டார். "அத அடிங்க."

"அடிக்க எனக்கு அதிகாரம் இல்ல சார். அடுத்த கூட்டத்துல நீங்க எல்லாரும் சேர்ந்து திருத்தலாம். கேட்டத எழுதுறதுதான் என் வேலை."

"செத்தவருக்கு ஏதும்மா ஓட்டு?"

"ஓட்டுன்னு நான் கணக்குல எடுக்கல சார். கேட்டுச்சுன்னு எழுதியிருக்கேன்."

அவள் குறிப்பை நான் எட்டிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

அடுத்த கூட்டத்தில் நால்வரும் ஒரே மனதாக அந்த வரியை நீக்கினார்கள். அதற்குள் புரூயிட் தானாகவே ராஜினாமா கொடுத்திருந்தார். கடிதத்தை அவள் மேசையில் வைத்தபோது அவர் முகம் சுண்ணாம்பாக இருந்ததாம்.

"உங்களுக்கு அந்தக் குரல் எங்கேருந்து கேட்டுச்சு?" என்றாராம்.

"அவரு நாற்காலியிலேருந்து. உங்களுக்கு?"

அவர் காலரைத் தளர்த்தி, பிடரியைத் தடவினாராம்.

"இங்க," என்றார். "சொல்றப்ப தண்ணி சொட்டுச்சு."

கடிதம் வந்து சேர்ந்த தேதியை அதன் மூலையில் ஆர்வில்லா குறித்துக்கொண்டாள்.