அன்னக்கிளிக்காகக் கட்டிய வண்டு வீடு

ஜெனிலாவுக்குப் பிடிக்காதவர்களின் பட்டியல் நீளம். பளபளா டைல்ஸ் விற்கிறவர்கள், காற்று வருகிற பக்கமாகப் பார்த்துக் கக்கூஸ் வைக்கிறவர்கள், வீட்டைக் கண்ணாடியால் மூடிவிட்டு உள்ளே பிளாஸ்டிக் செடி வளர்க்கிறவர்கள். மனதுக்குள் வைத்துக்கொண்டாலாவது பரவாயில்லை, முகத்துக்கு நேரே சொல்லியும் தொலைப்பாள். அதனால் முப்பத்தாறு வயதில் அவள் வரைந்து கட்டி முடித்த வீடுகள் ஏழு. சண்டை போட்டுப் பாதியில் விட்டவை ஐந்து.

அவளுடைய கோபம் கடற்கரையில் பிறந்தது. சுனாமிக்குப் பிறகு அவள் குடும்பத்துக்குக் கிடைத்த காலனி வீட்டில் கடல் பக்கம் ஒரு ஜன்னல் கூடக் கிடையாது. வெளியே அவ்வளவு காற்று, உள்ளே அம்மா செசிலி முறத்தால் விசிறிக்கொண்டு கிடப்பாள். இந்த வீட்டை வரைந்தவன் கையில் கிடைத்தால் ஒரு நாள் உள்ளே பூட்டிப் போட வேண்டும் என்று ஜெனிலா அப்போதே நினைத்தாள். இஞ்சினியரிங் படித்ததும் அந்தக் கடுப்பில்தான்.

எட்டாவது வீடு கிருஷ்ணமணியுடையது. குழித்துறையில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், குலசேகரத்துக்கு வெளியே ரப்பர் தோட்டத்தை ஒட்டி மனை வாங்கியிருந்தார். மனைவி அன்னக்கிளிக்குச் சர்க்கரை வியாதியால் பார்வை போய் மூன்று வருடம். பழைய வீட்டின் வழுக்குத் தரையில் இரண்டு முறை விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகு கிருஷ்ணமணி அவளை நாற்காலியை விட்டு எழும்ப விடவில்லை. "ராணி மாதிரி இருத்தியிருக்கேன்" என்று பெருமை வேறு.

ராணியைத் தானாக நடக்க வைக்கிறேன் என்று ஜெனிலா சவால் விட்டாள். அடுக்களைக்குக் கொத்திய கருங்கல், நடைக்கு வழவழவென்று சிவப்புத் தரை, படுக்கையறைக்கு மண் ஓடு. எந்த அறையில் நிற்கிறோம் என்று கால் சொல்லிவிடும். மேற்கே வெட்டுக்கல்லில் துளைகள் விட்ட பெரிய சுவர், காற்று முகத்தில் பட்டால் அது மேற்கு. முற்றத்தில் கல்தொட்டிக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர், குளியலறை வாசலில் மணம் காட்டப் பிச்சிப்பூக் கொடி. மேலே ஓடு, கொசுவலை கிடையாது. எந்தப் பூ வேண்டும், எந்தச் சத்தம் வேண்டும் என்று அன்னக்கிளியிடம் நூறு கேள்வி கேட்டாள். ரப்பர் தோட்டத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடற்கரைக்காரி, அவளுக்கு அது நிழல் தரும் மரம், அவ்வளவுதான்.

தை மாதம் பால் காய்ச்சினார்கள். அன்னக்கிளி யார் கையையும் பிடிக்காமல் வீட்டைச் சுற்றி வந்தாள். கல் குத்துகிறது என்று வீட்டுக்குள்ளும் செருப்போடு திரிந்த கிருஷ்ணமணி, அதைப் பார்த்து விம்மி விம்மி அழுதார்.

சித்திரையில் முதல் கோடை மழை பெய்தது. மறுநாள் அவரிடமிருந்து போன் வந்தது. "ஏ பிள்ளே, வந்து நீ கட்டுன லட்சணத்தப் பாரு!"

ஜெனிலா போய்ச் சேர்ந்தபோது அந்தி. ரப்பர்ச் சருகுக்குள் பெருகும் கறுப்பு வண்டு லட்சக்கணக்கில் வீட்டுக்குள் இறங்கியிருந்தது. ஓட்டில், சோற்றில், பாயில், எங்கும் வண்டு. நசுங்கினால் நாற்றம், உடம்பில் பட்டால் எரிச்சல்.

"இயற்கையோட இருக்கணும்னு சொன்னியே, இதாக்கும் உனக்க இயற்கை! ராத்திரி காதுக்குள்ள போச்சு, தெரியுமா? திங்கக்கெழம ஆளு வருது. அந்த ஓட்டச் செவர அடச்சு கண்ணாடி, மேல சீலிங், தரை பூரா டைல்ஸ். கல்லு இடுக்குல ஒரு வண்டு ஒளியப்பிடாது."

"டைல்ஸ் போட்டா அக்கா மறுபடி நாற்காலிதான் அண்ணாச்சி."

"இருக்கட்டு! வண்டு கடிச்சுச் சாவதுக்கு அது எவ்வளவோ கொள்ளாம்."

குப்பை வாரிக்கொண்டிருந்த கொத்தனார் ததேயுஸ் பக்கம் திரும்பினாள் ஜெனிலா. "நீரு இந்த ஊர்க்காரருதான? தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல?"

"நீங்க ஆரப் பேச விட்டீங்க? வாய தொறந்தா வரைபடத்தப் பாருன்னு விழுவீங்களே."

அது உண்மை. எட்டு மாதமாக அவரை அதட்டியே வேலை வாங்கியிருந்தாள்.

துளைச் சுவரில் சாய்ந்து நின்ற அன்னக்கிளி, கழுத்தில் ஊர்ந்த வண்டைத் தட்டிவிட்டாள். "அவரச் சொல்லாத மக்கா. எனக்குந்தான் தெரியும். நான் பொறந்தது இந்த மலையடிவாரத்துல."

"அக்கா?"

"முதல் மழை வந்தா வண்டு வரும்னு பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும்."

ஜெனிலாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "எனக்க பேரு நாறிப் போச்சு! இனி இந்தப் பக்கம் ஒருத்தர் வேலை தருவாங்களா? நூறு கேள்வி கேட்டேனே, ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னா இந்தச் செவரு கெடச்சிருக்குமா? இவரு அண்ணைக்கே கண்ணாடி போட்டிருப்பாரு. நீயும் சரின்னு தலையாட்டியிருப்ப. அதான் வாய மூடிட்டேன். உனக்குச் செஞ்சது துரோகந்தான், இல்லைன்னு சொல்லல்ல."

இவளுக்காகவா ராப்பகலாக வரைந்தோம் என்று ஜெனிலாவுக்கு ஆத்திரமாக வந்தது. கிருஷ்ணமணி மனைவியை முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார். "என்னையும் ஏமாத்திட்டியேட்டி!"

"வெளக்க அணைங்க" என்றாள் அன்னக்கிளி.

"என்னது?"

"வெளிச்சத்துக்காக்கும் வண்டு வருது. நான் பொறந்த வீட்டுல ஆறரை மணிக்கு எல்லாத்தையும் அணச்சுப்போடுவோம். வேலியில ஒரு பல்பு, கீழ சோப்புத்தண்ணி. பாதிக்கு மேல அங்கன போவும். நீங்க என்னடான்னா ஓட்டுக்கடியில கல்யாண வீடு மாதிரி நாப்பது வெளக்கு போட்டிருக்கீங்களாம்."

"இருட்டுல எப்பிடி இருக்கது?"

"நாலு வருஷமா நான் இருக்கேன். ஒரு மாசம், சாயங்காலம் ரெண்டு மணிக்கூர் உங்களால முடியாதா?"

ததேயுஸ் யாரையும் கேட்காமல் மெயினை இறக்கினார். வேலியோரம் ஒரு பல்பைக் கட்டி, தன் பைக் பேட்டரியில் எரியவிட்டார். கொஞ்ச நேரத்தில் வண்டுகளின் இரைச்சல் அந்தப் பக்கம் நகர்ந்தது. எல்லாம் போகவில்லை. ஜெனிலாவின் முதுகில் ஒன்று எரித்துக்கொண்டுதான் இருந்தது.

இருட்டில் கிருஷ்ணமணி கல்திண்டில் முழங்காலை இடித்துக்கொண்டு வண்டையும் இஞ்சினியரையும் சேர்த்துத் திட்டினார். "கண்ணாடிக்காரன் திங்கக்கெழம வருவான். சொல்லிட்டேன்."

அன்னக்கிளியின் வெறுங்கால்கள் சிவப்புத் தரையில் சத்தமில்லாமல் போய், கருங்கல்லில் சரசரத்தன. அடுக்களையில் பாத்திரம் எடுக்கும் சத்தம், அடுப்பு பற்றும் சத்தம். பால் விடாத கட்டன் சாயாவின் மணம் வந்தது.

ஜெனிலா திண்டை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்தப் பெண்பிள்ளையோடு இனி பேசுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் அந்தக் காலடிச் சத்தத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணமணி சுவரைத் தடவித் தடவி எங்கோ நின்றுவிட்டார். குரலில் அதட்டல் குறைந்திருந்தது.

"அன்னம், நான் எங்கயாக்கும் நிக்கேன்? ஒண்ணும் தெரியல்ல."

அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

"செருப்பக் கழத்துங்க. தெரியும்."