அக்கா கடை மீன்

எங்கள் ஹோட்டல் சமையல் மாஸ்டருக்கு வாய் நீளம். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காவிடம் மட்டும் கொஞ்சம் அடங்குவார். இந்த ஹோட்டலில் பாத்திரம் கழுவ முதன்முதலில் அவரைச் சேர்த்துவிட்டதே அந்த அக்காதான்.

கடல்வளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று எங்கள் ஹோட்டல் தன் சமையல்காரர்களுக்குள் ஒரு போட்டி வைத்தது. மாஸ்டர் மீன் சமைக்க வேண்டும், பாரில் வேலை செய்யும் நான் அதற்குப் பொருத்தமாகக் காக்டெய்ல் கலக்க வேண்டும். குஞ்சு மீனும் சினை மீனும் கூடவே கூடாது. ஜெயித்தவர்கள் மீன் வாங்கிய கடையில்தான் ஹோட்டல் இனிமேல் மீன் எடுக்கும். அக்கா கடைக்கு ஒரு விடிவு பிறக்கட்டும் என்றுதான் மாஸ்டர் பெயர் கொடுத்தார்.

போட்டியன்று காலை அக்கா கடையில் கொழுகொழுவென்று ஒரு மீனைத் தூக்கினார்.

"டேய், அத வச்சிடு. வயிறு உப்பியிருக்கு, சினையா இருக்கும்," என்றார் அக்கா.

"மத்ததெல்லாம் நோஞ்சானா இருக்குக்கா. எனக்குத் தெரியாதா மீனப் பத்தி?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டு அதையே பையில் போட்டார்.

மேடையில் வயிற்றைக் கீறினால், உள்ளே சினை. சினை கிடைத்தால் மிளகு தூவிப் பொரிப்பது மாஸ்டரின் கைப்பழக்கம். பதற்றத்தில் விதி மறந்து, கை தன்பாட்டுக்குப் பொரித்து மீனின் தலைமேல் சூட்டிவிட்டது. எலுமிச்சைத் தோலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நான் கவனிக்கவில்லை.

"எது கூடாதுன்னு சொன்னமோ அதையே மேல வச்சிருக்கீங்களே, மாஸ்டர்!" என்றார் நடுவரம்மா.

கூட்டம் சிரித்தது. மாஸ்டரின் முகம் சுண்டிவிட்டது.

"நான் என்னங்க பண்றது? மீன்காரம்மா நல்ல மீனுன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க. வெட்டினப்புறம் வீணாக்கக் கூடாதேன்னு வச்சேன்."

"அண்ணே, அக்கா உக்காந்திருக்காங்க," என்று இடுப்பில் இடித்தேன். கடையைச் சாத்திவிட்டு, இருப்பதில் நல்ல உடையாக உடுத்திக்கொண்டு, முன்வரிசையிலேயே இருந்தார்.

"எந்தக் கடை?" என்று கேட்டார் நடுவரம்மா.

அந்த நீள வாய் அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது. அக்காதான் எழுந்தார்.

"என் கடைதாங்க. நான்தான் பாக்காமக் குடுத்துட்டேன். அவர் மேல தப்பில்ல."

எப்போதும் 'டேய்' என்று கூப்பிடுபவர், 'அவர்' என்றார். எனக்கே மேடைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

பரிசு வேறு யாருக்கோ போனது. சமையலறைக்குத் திரும்பிய மாஸ்டர், கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

"வெக்கமா இருக்குடா. அக்கா என்னைக் காட்டிக் குடுத்திருந்தாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்."

மறுநாள் காலை துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். 'மன்னிச்சிடுக்கா, மன்னிச்சிடுக்கா' என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க மாஸ்டர்," என்றார் அக்கா.

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஒரு மீனை எடுத்தார். நிறுப்பதற்கு முன்பே வயிற்றைக் கீறி, இரண்டு விரலால் விரித்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நல்லாப் பாத்துக்குங்க. அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது பாருங்க."

மாஸ்டர் குனிந்து பார்த்தார். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.