இரவல் மைக்

போன வருடம், பூனாகலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்து முடிந்த கையோடு நடந்தது இது. கூத்தில் ரதியின் ஒப்பாரியைப் பாடுவதில் என் அப்பாவை மிஞ்ச ஆளில்லை. அவருக்குத் தொண்டையில் கட்டி. அடுத்த வாரம் பதுளையில் ஆபரேஷன். குரல் திரும்புமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. அதற்குள் அந்தப் பாட்டைப் பதிந்துவிட வேண்டுமென்று நானும் என் வீட்டுக்காரரும் பண்டாரவளைக்கு ரெக்கோடர் வாங்கப் போனோம். கொழும்புச் சிநேகிதி இரவல் தந்த விலையுயர்ந்த மைக்கை நான் கையை விட்டு இறக்கவே இல்லை.

கடை அப்போதுதான் திறந்திருந்தது. சாம்பிராணிப் புகைகூட அடங்கவில்லை. விஷயத்தைச் சொல்லி, கண்ணாடிக்குள் பளபளத்த சின்ன ரெக்கோடரைக் காட்டினேன். முதலாளி மைக்கைப் பார்த்துவிட்டு, "அது உங்களுக்கு வேணாங்க" என்றார். போணி ஆகாமல் முதல் ஆளை எந்தக் கடைக்காரராவது விடுவாரா? எனக்கு எங்கேயோ இடித்தது.

"இந்த மைக்குக்கு ரெக்கோடர்லேருந்துதான் கரண்ட் போகணும். சின்னதுல இந்த மூணு முள்ளு வயரச் சொருகவே முடியாதுங்க" என்றபடி, உள்ளேயிருந்து பெட்டிகூட இல்லாத பழைய ரெக்கோடர் ஒன்றைக் கொண்டுவந்தார். பழசைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன். அவர் எங்கள் மைக்கைச் சொருகி, நாங்கள் கொண்டுபோன மெமரி கார்டைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவை ஓடவிட்டு "வன், டூ, த்ரீ" என்றார். அவர் காதுதான் அடைத்திருக்கிறதே என்ற தைரியத்தில் வீட்டுக்காரரிடம் கிசுகிசுத்தேன்: "தோட்டத்து ஆளுங்கன்னா இளக்காரம். மைக்க பாத்துக்கிட்டே இருங்க, மாத்திப்புடுவான்."

அவர் ஹெட்போனைக் கழற்றினார். "நல்ல மைக்குங்க. மெதுவா பேசினாக்கூட பிசிறில்லாம புடிக்குது." பழைய ரெக்கோடரை என் பக்கம் நகர்த்தி, "இது விக்கிறதுக்கில்ல, என்னோடது. அப்பா பாட்ட எடுத்துட்டுக் கொண்டாந்து குடுங்க. பெட்டரிய ரொம்பத் தின்னும். அத மட்டும் வாங்கிக்கங்க, போணி ஆகட்டும்" என்றார்.

சும்மா கொடுக்கிறாரே, இதில் என்ன வில்லங்கமோ என்று பஸ்ஸிலும் புலம்பிக்கொண்டே வந்தேன். அன்று மாலை லயத்தில் எங்கள் காம்பரா வீட்டில் அப்பா பாடினார். கண்ணை மூடி, ஒரு வரி விடாமல். முடிந்ததும் கார்டை முதலிலிருந்து போட்டோம். "வன், டூ, த்ரீ"க்கு அடுத்து, தெள்ளத் தெளிவாக, என் கிசுகிசுப்பு. அப்பா என்னைப் பார்த்தார். அத்தனையும் ஹெட்போனில் கேட்டுவிட்டுத்தான் அந்த மனிதர் தம் பொருளைக் கையில் கொடுத்திருக்கிறார்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது முகத்தை நிமிர்த்தவே முடியவில்லை. "அப்பா நல்லா பாடினாருங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா இப்போது சைகையில்தான் பேசுகிறார். பதிவின் அந்த முன்பகுதியை வெட்டிவிடலாம் என்றார் வீட்டுக்காரர். நான் விடவில்லை. அப்பாவின் குரல் வேண்டுமென்றால், முதலில் என் குரலைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.